இருபது புள்ளி நாலு

போன மாதம் ஒருநாள் ராத்திரி, சாப்பாட்டு மேசையில் ரெகார்ட் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு மகள் கேட்டாள்: “அப்பா, பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல உங்களுக்கு ரீடிங் எவ்வளவு வந்துச்சு?”

“20.4” என்றேன். யோசிக்கவே இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாண நாளை மறந்து வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏடிஎம் எண்ணை மறந்து வரிசையில் நின்றவர்கள் முன்னால் முழித்திருக்கிறேன். இந்த எண் மட்டும் கல்வெட்டாக நிற்கிறது. காரணம் வேறொன்றுமில்லை. அது எனக்கு வரவே இல்லை.

நான் பிளஸ் டூ முடித்தது 1994இல். வாய்க்கால் ஓடுகிற ஒரு சின்ன ஊர், அரசு மேல்நிலைப் பள்ளி. பேர் வேண்டாம். அங்கே படித்தவர்கள் இன்றைக்குப் பெரிய மனிதர்களாக இருக்கிறார்கள், அவர்கள் ரெகார்ட் நோட்டும் என்னுடையதைப் போலத்தான் இருந்திருக்கும்.

பொய் சொல்லக் கற்றுக்கொண்டது பிளஸ் டூவில் என்று நினைத்துவிடக் கூடாது. அஸ்திவாரம் ஆறாம் வகுப்பிலேயே போட்டாயிற்று, விடுமுறை விண்ணப்பத்தில். எங்கள் பள்ளியில் லீவு எடுக்க ஒரே காரணம்தான் உண்டு: கடுமையான காய்ச்சல். தலைவலிகூட ஆகாது. சித்தி கல்யாணம், குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு, அறுவடை, ஊருக்கு வந்த சர்க்கஸ், எதற்குப் போனாலும் எழுதுவது காய்ச்சல்தான். எங்கள் வகுப்பில் ஒருவன் மட்டும் ஒருமுறை, “எங்கள் எருமை கன்று போட்டதால் நேற்று வர இயலவில்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வகுப்பே சிரித்தது. சார் அவனை முட்டி போடவைத்து, “காய்ச்சல்னு எழுதத் தெரியாதாடா உனக்கு?” என்றார். அவன் அழுதுகொண்டே திருத்தி எழுதினான். கீழே அப்பா கையெழுத்தையும் அவனே போட்டான். சார் எதிரிலேயே.

அடுத்தது கட்டுரை. ‘நான் கண்ட பொருட்காட்சி’ என்று ஒரு தலைப்பு ஒவ்வொரு வருஷமும் வரும். பொருட்காட்சி சென்னைத் தீவுத்திடலில். எங்கள் வகுப்பில் 48 பேர், சென்னையைப் பார்த்தவன் ஒருவனும் கிடையாது. ஆனாலும் 48 பேரும் கைடைப் பிடித்துக்கொண்டு போய்வந்தோம். எல்லோரும் பொங்கல் விடுமுறையில் போனோம், எல்லோரும் அப்பாவுடன் போனோம், எல்லோரும் ராட்டினத்தில் ஏறி மேலிருந்து நகரத்தைப் பார்த்து வியந்தோம், எல்லோரும் டெல்லி அப்பளம் சாப்பிட்டோம். அப்பாவைப் பறிகொடுத்து மாமா வீட்டில் வளர்ந்த பையன் ஒருவன் எங்களோடு படித்தான். அவனும் அப்பாவுடன்தான் போய்வந்தான். பத்துக்கு ஆறு மார்க். அன்றைக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை. இப்போது ராட்டினத்தை எங்கே பார்த்தாலும் அவன் ஞாபகம் வருகிறது.

இப்படிப் பதமாகி வந்தவர்கள் கையில்தான் பதினொன்றாம் வகுப்பில் ரெகார்ட் நோட்டைக் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் ‘போனஃபைட்’ என்று அச்சிட்ட ஒரு சான்றிதழ் இருக்கும். இது மாணவன் தானே செய்த சோதனைகளின் உண்மைப் பதிவு என்று ஆசிரியர் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாத நாங்கள், போனஃபைட் என்பது நோட்டு தயாரித்த கம்பெனியின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.

ரெகார்ட் எழுதுவது பரம்பரைத் தொழில். முந்தின வருஷத்து அண்ணன்கள் அவர்களுக்கு முந்தின வருஷத்து அண்ணன்களைப் பார்த்து எழுதியதைப் பார்த்து நாங்கள் எழுதினோம். மூலப் பிரதியை எழுதிய மகான் யாரென்று யாருக்கும் தெரியாது. ஏட்டுச் சுவடியைப் படியெடுக்கிறபோது பிழையும் சேர்ந்து இறங்கும் என்பார்களே, அப்படி எங்கள் பள்ளி ரெகார்டுகளுக்கும் பாட பேதங்கள் உண்டு. எனக்குக் கிடைத்த பிரதிக்குச் சொந்தக்கார அண்ணன் வீட்டில் பால் வியாபாரம். அளவீட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பால் பாக்கி 12.50’ என்று குறித்துவைத்திருந்தார். என் பெஞ்சுக்காரன் அதையும் பேனாவால் அழகாக எடுத்தெழுதினான். சார் அதற்கும் சேர்த்துச் சிவப்பு டிக் போட்டு, தேதி போட்டு, இனிஷியல் போட்டார். பரீட்சை ஹாலில் பக்கத்துத் தாளை எட்டிப்பார்த்தால் காது திருகும் அதே சார்தான், “அண்ணனுங்க நோட்டைப் பாத்து ஒழுங்கா எழுதித் தொலைங்கடா” என்றும் சொல்லுவார். இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொன்னார். எங்களுக்கும் முரண்பாடாகத் தெரியவில்லை.

பிப்ரவரி வந்தது. செய்முறைத் தேர்வு.

அந்தக் காலத்தில் வேதியியலுக்கு 200 மார்க். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. மொத்தம் 1200இல், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் கிடைக்கக்கூடியது இந்த ஐம்பதுதான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நாற்பத்தைந்துக்குக் கீழே யாராவது வாங்கினால், சாருக்கும் அவனுக்கும் ஏதோ தகராறு என்று அர்த்தம்.

டைட்ரேஷனுக்குத் தமிழ்ப் புத்தகத்தில் ‘தரம் பார்த்தல்’ என்று பெயர். நல்ல பெயர். பியூரெட்டில் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட். கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் உறிஞ்சி விட்ட 20 மில்லி கரைசல். குழாயைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற சொட்டெல்லாம் நிறம் மாய்ந்துகொண்டே வரும். ஒரு சொட்டில் மட்டும் இளஞ்சிவப்பு போகாமல் நின்றுவிடும். அங்கே நிறுத்தி, பியூரெட்டைப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும். மறுபடி செய்ய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு தடவை ஒரே அளவு வந்தால் அதுதான் விடை. கன்கார்டண்ட் என்பார் சார், வாய் நிறைய.

காலையிலேயே சார் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார். 20.4. தேர்வு தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் அந்த எண், எறும்பு வரிசையில் சர்க்கரைச் செய்தி போவதுபோல, இருபது மேசைக்கும் போய்விட்டது. சிலர் குழாயைத் திறக்கவே இல்லை. ஒருவன் நிறத்துக்காகக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, முதல் அளவு 20.5, இரண்டாவது 20.4, மூன்றாவது 20.4 என்று போட்டுக்கொண்டான். அந்த 20.5 முக்கியம். முதல் தடவையே சரியாக வந்தால் சந்தேகம் வரும், கொஞ்சம் தப்பு செய்து காட்ட வேண்டும் என்பது அண்ணன்கள் வழிவந்த ஞானம்.

நான் அன்றைக்கு ஏனோ உண்மையாகவே செய்தேன். அந்த இளஞ்சிவப்பு எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம். எனக்கு 22.1 வந்தது. மறுபடியும் 22.3. மூன்றாவது 21.8. கை நடுங்கிவிட்டது. பியூரெட்டைக் குனிந்து பார்த்தேன். குழாய்த் திருகில் ஒழுகுகிறது. குடுவையில் பல சொட்டு விழுந்தால் மேசையில் ஒரு சொட்டு. மேசை வெள்ளைக் கல்லில் பழுப்பும் ஊதாவுமாக ஒரு குட்டை.

சாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் வெளித் தேர்வாளர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். பிறகு பியூரெட்டைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

“ஒழுகுற பியூரெட்டுக்கு யாருடா மார்க் போடுவா? 20.4ன்னு போட்டுட்டுப் போ.”

போட்டேன். பென்சிலில் இருந்த 22.1ஐ ரப்பரால் அழித்து, மேலே பேனாவில் 20.4. ஐம்பதுக்கு ஐம்பது.

இதே தேர்வில் உப்பு ஆய்வும் உண்டு. ஒரு பொட்டலத்தில் ஏதோ ஒரு பொடி கொடுப்பார்கள். சூடு பண்ணி, அமிலம் விட்டு, புகையை முகர்ந்து, அது இன்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு லேப் அட்டெண்டர் அண்ணன் இருந்தார். ஆளுக்கு ஐந்து ரூபாய், டீ தனி. அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். இருபத்தைந்து வருஷம் அந்த பாட்டில்களைத் துடைத்தவர் என்பதால் வேதியியல் சாருக்குத் தெரியாத உப்பும் அவருக்குத் தெரியும். ஒரு சங்கடம், அவருக்கு எல்லாம் நாட்டு மருந்துக் கடைப் பெயரில்தான் தெரியும். அம்மோனியம் குளோரைடு அவருக்கு நவச்சாரம். காப்பர் சல்பேட் மயில்துத்தம். சிங்க் சல்பேட் வெள்ளைத் துத்தம்.

என் பெஞ்சுக்காரன் காதில், போகிற போக்கில் “வெள்ளைத் துத்தம் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவனுக்குத் தெரிந்த ஒரே துத்தம் மயில்துத்தம். தைரியமாகக் காப்பர் சல்பேட் என்று எழுதிவிட்டான். வெளித் தேர்வாளர் அவன் சோதனைக் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பால்போல வெள்ளைப் பொடி.

“காப்பர் சல்பேட் என்ன கலர்ப்பா?”

“நீலம் சார்.”

“இது?”

அவன் ஒரு நொடிதான் திணறினான். “காஞ்சிடுச்சு சார்.”

தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நீரை இழந்த காப்பர் சல்பேட் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பது புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். பயல் அந்த ஒரு வரியை எப்போதோ படித்திருக்கிறான். உப்பு தப்பு, பதில் சரி. 46 போட்டார். அன்று அந்த லேபில் உண்மையான வேதியியல் ஞானத்துக்காகக் கொடுக்கப்பட்ட மார்க் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மார்ச்சில் எழுத்துத் தேர்வு. இது கொஞ்சம் வீரம் கலந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கைடுப் பக்கங்களைச் சுருக்கி எடுத்துத் தருவார்கள். மைக்ரோ என்று பெயர். தீப்பெட்டி அளவில் தாவர உள்ளமைப்பியல் முழுவதும் அடங்கும். ‘தேர்வு அறையில் காப்பி அடிப்பது தண்டனைக்குரிய குற்றம்’ என்று பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளும் அதே கடையில், அதே மெஷினில் எடுத்ததுதான். கடைக்காரருக்கு இரண்டும் ஒரே ரேட்டு. பிட்டு வைக்கும் இடங்களைப் பற்றி ஒரு தனி சாஸ்திரமே இருந்தது. முழுக்கைச் சட்டை மடிப்பு, ஜியாமெட்ரி பாக்ஸ் அடித்தகடு, ஸ்கேலின் பின்பக்கம். முழுக்கைச் சட்டை இல்லாதவர்கள் அண்ணன் சட்டையை இரவல் வாங்கி வருவார்கள். மார்ச் மாதத்து வெயிலில் திடீரென்று பாதி வகுப்பு முழுக்கைக்கு மாறியதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

பறக்கும் படை ஜீப் கேட்டில் திரும்பும்போதே தண்ணீர் கொடுக்கிற ஆயா “தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு வேகமாக நடப்பார். மற்ற நேரம் ஒரு தடவைதான் கேட்பார். கண்காணிப்பாளர் தாடையைச் சொறிந்தபடி, “எவனாச்சும் எதாச்சும் வச்சிருந்தா வெளிய போட்ருங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல” என்பார். ஜன்னல் வழியே பொரி தூவியதுபோலப் பறக்கும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு ஆடு எப்போதும் நிற்கும். படை உள்ளே நுழைவதற்குள் முக்கால்வாசியைத் தின்றுவிடும். அந்த வருஷம் உயிரியலை முழுசாக உள்வாங்கியது அது ஒன்றுதான்.

ஒரு மார்க் கேள்விகளுக்குச் சைகை. அ என்றால் காது, ஆ என்றால் மூக்கு, இ என்றால் தாடை, ஈ என்றால் நெற்றி. முன் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பையன் முகத்தைத் தடவிக்கொண்டே இருப்பான். எங்கள் பக்கம் அவனுக்குச் சொறி என்று ஒரு பேச்சே கிளம்பிற்று.

அப்போது பொறியியல், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வேறு இருந்தது. 1984இல் வந்தது, 2006இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். பிளஸ் டூ மார்க்கைச் சுருக்கி 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300க்குக் கட்-ஆஃப். திருச்சியில் ஒரு கல்லூரியில் போய் எழுதினேன். அங்கே அட்டெண்டர் அண்ணன் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவன் முகத்தைத் தொடவே இல்லை. என் கட்-ஆஃப் எங்கே நின்றது என்பதை இந்த வயதில் சொல்லி என்ன ஆகப்போகிறது. பி.எஸ்ஸி. சேர்ந்தேன். வேதியியல்தான், வேறென்ன.

இனி இந்தக் காலம்.

இப்போது திருச்சியில் இருக்கிறோம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, மார்ச் வந்தால் அறைக் கண்காணிப்பாளர். அவள் சொல்வதைக் கேட்டால் ஏதோ ரிசர்வ் வங்கிப் பெட்டகம் மாதிரி இருக்கிறது. கேள்வித்தாள் உறையைப் பிரிப்பதற்கு முன் இரண்டு மாணவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைய பாடத்து ஆசிரியரை அன்றைக்கு அறையில் விட மாட்டார்கள். கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். கேள்வித்தாளைப் படிக்கப் பத்து நிமிஷம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிஷம். விடைத்தாள் முகப்பில் பிள்ளையின் படமும் பார்கோடும். ஆடு நிற்க இடமே இல்லை.

நீட் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது, செருப்புதான். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி அம்மாக்கள் கையில் கொடுத்துவிட்டுப் பெண் பிள்ளைகள் உள்ளே போகிற படம் ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் வருகிறது. பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி. நாங்கள் முழுக்கையில் செய்த காரியத்துக்கு இவர்கள் அரைக்கையில் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

ஆனால், கையில்தான் அரை. 2015இல் பீகாரில் பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்த கட்டடத்தின் சுவரில் சொந்தக்காரர்கள் பல்லிகளாக ஏறி ஜன்னலுக்கு ஜன்னல் பிட்டு கொடுத்த படம் உலகமெல்லாம் சுற்றியது. அலுவலகத்தில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். நாலு வருஷம் கழித்து, 2019இல், தேனியில் ஒரு மாணவர் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறார், ஆனால் அவருக்காக நீட் எழுதியது வேறொருவர் என்று சிபிசிஐடி விசாரித்தபோது, அந்தப் படத்தை வாட்ஸப்பிலிருந்து அழித்துவிட்டேன். சுவர் ஏறுகிறவனுக்காவது கால் வழுக்கும் என்ற பயம் உண்டு.

2024 நீட்டில் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720க்கு 720. கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேரின் கதை ஒரு பக்கம், பாட்னாவில் வினாத்தாள் வெளியான கதை ஒரு பக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த வருஷம் ஜூனில் மத்திய அரசு ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கும்பலாகத் திட்டமிட்டு முறைகேடு செய்தால் பத்து வருஷம் வரை சிறை, அபராதம் ஒரு கோடிக்குக் குறையாமல். எங்கள் அட்டெண்டர் அண்ணனை நினைத்துக்கொண்டேன். ஐந்து ரூபாய், டீ தனி. எங்கள் காலத்தில் இது குடிசைத் தொழிலாகத்தான் இருந்திருக்கிறது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் அவளுக்கு ஆன்லைன் வகுப்பு. சுழற்சித் தேர்வு லேப்டாப்பில். கேமராவை அணைக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் அறிவியல் தேர்வில் முழித்துக்கொண்டிருந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் லேப்டாப்புக்குப் பின்னால் போய் நின்று, கேள்வியை அவள் உதட்டசைவில் பிடித்து, காதைத் தொட்டேன். அவள் புரியாமல் பார்த்தாள். மூக்கைத் தொட்டுக் காட்டி, மறுபடி காதைத் தொட்டேன். தேர்வு முடிந்ததும் கேட்டாள், “ஏம்ப்பா, கொசுவா?” விளக்கினேன், அ என்றால் காது, ஆ என்றால் மூக்கு என்று. பரம்பரைச் சொத்தை ஒப்படைக்கிற பெருமிதத்தோடுதான் விளக்கினேன் என்று நினைக்கிறேன். அவள் பரிதாபமாகச் சிரித்துவிட்டு, “ஸ்கிரீன ரெண்டா பிரிச்சா கூகுள்லயே பாத்துக்கலாம்ப்பா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. எனக்குத்தான் அது பிடிக்கல” என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கவனிக்காததற்கு வேறு காரணமும் உண்டு. எப்போதும் அப்படியே இருந்துவிடவில்லை அவளும். போன வருஷம் தமிழில் ஒரு ஒப்படைப்பு: ‘எங்கள் ஊர் நீர்நிலை’. உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றி எழுத வேண்டும். சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிவிட்டாள். நான் படித்துப் பார்த்தேன். சோழர் காலம், பாசனம், கழிவுநீர் எல்லாம் இருந்தது. கூடவே, சிறுவயதில் அந்த வாய்க்காலில் குளித்ததைச் சொல்லிச் சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு பாட்டியும் இருந்தார். எழுத்து சுத்தமாக இருந்தது, அதுதான் ஆபத்து என்றாள் மகள். பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுதியதுபோலக் கொஞ்சம் ற-ர, ன-ண பிழைகளோடு எழுதித் தா என்று மறுபடி கேட்டாள். கொடுத்தது. எனக்கு அந்த 20.5 ஞாபகம் வந்தது. தமிழம்மா பிழைகளை எல்லாம் சிவப்பு மையில் அக்கறையாகத் திருத்தி, பாட்டி வந்த இடத்தில் ‘உணர்வுபூர்வமாக உள்ளது’ என்று எழுதிப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார்.

அன்றைக்கு எங்கள் 48 பேருக்கும் சேர்த்து ஒரே பொருட்காட்சி. இன்றைக்கு ஆளுக்கொரு பாட்டி. என் அம்மா அடுத்த அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததே உய்யக்கொண்டான் கரையில்தான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்கூடக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தை மட்டும் சும்மா விட்டால் நியாயமில்லை. மகளுடைய பள்ளி நல்ல பள்ளி என்று பேர் எடுத்தது, அதன் பேரும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை ஜூனில் கட்டாக வாங்கி வந்தோம். அவற்றில் இரண்டின் மேல் ஒட்டிய விலைச் சீட்டுகூட உரியவில்லை. பதினொன்றிலேயே பன்னிரண்டாம் பாடத்தை ஆரம்பித்து இரண்டு வருஷம் ஒன்றையே உருப்போட வைப்பது தனியார் பள்ளிகளில் பழைய வித்தை. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள், அப்படியும் அந்த வித்தை நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று 2025-26இலிருந்து அதை எடுத்தும் விட்டார்கள். இரண்டு முடிவுக்கும் காரணம் சரியானதுதான், அதனால்தான் யாரையும் திட்ட முடியவில்லை. கால அட்டவணையில் விளையாட்டுப் பீரியட் வாரத்துக்கு இரண்டு என்று அச்சில் இருக்கிறது. மகளிடம் கேட்டேன். “அது மேத்ஸ்ப்பா” என்றாள், வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமை என்று சொல்வதுபோல.

இந்த வருஷம் அவள் பிளஸ் டூ. 200 எல்லாம் போய் இப்போது பாடத்துக்கு 100தான். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்தப் பத்து எல்லோருக்கும் பத்து. எண்ணிக்கை மாறியது, பியூரெட் மாறவில்லை. போன மாதம் அந்த ராத்திரி 20.4 என்று நான் சொன்னதும், “எப்படிப்பா இவ்ளோ வருஷம் ஞாபகம் இருக்கு?” என்று ஆச்சரியப்பட்டாள். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் பேச்சுப்போக்கில் ஒழுகல், மேசைக் குட்டை, ரப்பர் எல்லாம் வந்துவிட்டது. பரணில் இருந்து என் பழைய ரெகார்டைக்கூட எடுத்துக் காட்டினேன். அந்த ஒழுகல் பியூரெட்டும் நானும் பதினொன்றிலிருந்தே பழக்கம் என்பது அந்த நோட்டைப் பார்த்தால் தெரியும். ஒரு பக்கத்தில் பேனா எண்ணுக்கு அடியில் அழித்த பென்சில் எண் இன்னும் பள்ளமாகத் தடவுகிறது. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். வயசான அப்பன்களுக்கு வருகிற உபதேச வெறி எனக்கும் வந்தது. வருகிற அளவை எழுதணும்மா, அதுதான் விஞ்ஞானம், அளவு தப்பினால் ஏன் தப்பியது என்று எழுதணும், அதற்குப் பெயர்தான் சோதனை என்று அரைமணி நேரம் பேசினேன். கேட்க நன்றாகவே இருந்தது.

நேற்று அவளுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. சாயங்காலம் வந்து பையை வைத்தாள்.

“எப்படிம்மா?”

“நல்லாப் பண்ணேன்ப்பா. எல்லாருக்கும் 19.6. எனக்கு மட்டும் 20.9.”

“என்னது?”

“என் பியூரெட் ஒழுகுச்சுப்பா. வேற கேட்டேன், இல்லன்னுட்டாங்க. 20.9ன்னே எழுதிட்டேன். கீழ ‘பியூரெட் திருகில் கசிவு இருந்தது’ன்னு ஒரு குறிப்பும் போட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே.”

“பக்கத்துல யார்கிட்டயும் பாக்கலயா நீ?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. தோசை ஊற்றித் தரச் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இருபதில் எவ்வளவு போகும், நாலா, ஆறா, அது கட்-ஆஃபில் எத்தனை புள்ளி என்று கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பதினொன்றரை மணிக்கு மனைவியை எழுப்பினேன்.

“அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த எக்ஸ்டெர்னல் யாருன்னு உங்க ஸ்டாஃப் ரூம்ல யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

அவள் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.